விலை இறங்கினால் கொலை

அத்தியாயம் 9

ரயானின் உடம்பு பிளைவுட் தடுப்பைத் துளைத்துக்கொண்டு பக்கத்து அறையில் போய் விழுந்தபோது, அவன் உயிர் அதற்குச் சற்று முன்னதாகவே அங்கே போய் உட்கார்ந்து காத்திருந்தது.

தூக்கி எறிந்தவனுக்குக் கழுத்தே கிடையாது. படைத்தவன் கழுத்துக்கென்று ஒதுக்கி வைத்த சதையையும் மறதியாக இரண்டு கைகளுக்கே பங்கு போட்டுவிட்டான் போலிருக்கிறது. ஜோகுபாளையத்தில் நோராவின் பிரவுசிங் சென்டருக்குள் அவன் நுழைந்தபோது, உள்ளே இருந்த காற்றெல்லாம் இடம் போதாமல் ஜன்னல் வழியாக வெளியேறியது. பக்கத்து அறையில் மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்த பெரியவர் ஹெட்போனைக் கழற்றாமலே தெருவுக்கு ஓடினார். கம்ப்யூட்டரும் கொஞ்ச தூரம் அவரோடு போய்விட்டுத்தான் நின்றது.

"ஏய், அந்த விமான டிக்கெட் பாக்கறதை நிறுத்திட்டு எழுந்து போ. இல்லைன்னா எழுந்திருக்கவே மாட்டே."

ரயான் வாயிலிருந்த மரத்தூளைத் துப்பினான். "அண்ணா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க. இன்னும் ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டிட்டேன்."

பதிலுக்கு ஒரு உதை வந்தது. ரயானின் கடைவாய்ப்பல் ஒன்று இருபத்தாறு வருடக் குடித்தனத்தை முடித்துக்கொண்டு தரையில் உருண்டது. இரண்டாவது உதைக்குக் கால் எழும்பியபோது வாசலில் வெளிச்சம் மறைந்தது. ஒரு கையில் முட்டை பஃப்ஸும் இன்னொரு கையில் தக்காளி சாஸுமாக தனக்கோடி நின்றிருந்தாள்.

துப்பறியும் தனக்கோடி! மகளிர் காவல் நிலையத்தில் இருபது வருடம் ஏட்டாக இருந்து, மேலதிகாரி ஒருவரைச் சட்டைக்காலரோடு கொடிக்கம்பத்தில் ஏற்றிய குற்றத்துக்காக வெளியே வந்தவள். ஜீவனஹள்ளியில் பேக்கரிக்கு மேலே ஆபீஸ். அவள் மாடிப்படி ஏறினால் கீழே பன் தானாகவே பிளந்துகொள்ளும் என்று பேக்கரிக்காரர் சத்தியம் செய்வார்.

பஃப்ஸை அவள் பத்திரமாக மேஜையில் வைத்தாள். கழுத்தில்லாதவன் குத்தினான். அவள் தலை இருந்த இடத்தில் இப்போது சுவர்தான் இருந்தது. காரை பொலபொலவென்று உதிர்ந்தது. அவன் கையை வெளியே இழுப்பதற்குள் அவள் அவனுடைய இரண்டு விரல்களைப் பிடித்து எதிர்ப்பக்கம் மடக்கினாள். பிஞ்சு முருங்கைக்காய் முறிகிற சத்தம். அவன் அலறிய அலறலில் அல்சூர் ஏரி வாத்துகள் எழுந்து பறந்தன. தனக்கோடி பக்கத்திலிருந்த மானிட்டரை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"அக்கா! மானிட்டர் வேணாம், தவணை இன்னும் முடியலை!" என்று கத்தினாள் கவுண்டருக்குப் பின்னால் பதுங்கியிருந்த நோரா.

"அப்ப எதால அடிக்கட்டும்?"

"அந்த யு.பி.எஸ்ஸை எடுத்துக்கோங்க. அது ரிப்பேர்தான்."

தனக்கோடி மானிட்டரை மரியாதையாக இறக்கி வைத்துவிட்டு யு.பி.எஸ்ஸை எடுத்தாள். உள்ளே பேட்டரியோடு பதினைந்து கிலோ. அது அவன் உச்சந்தலையில் இறங்கியதும், ரிப்பேரான யு.பி.எஸ் பீப் என்று ஒருமுறை உயிர் பெற்றது. அவன் உயிர் போகவில்லை, ஆனால் வெகுதூரம் போய்விட்டுத்தான் திரும்பியது.

"இங்கே நாம இருக்கறது இவனுக்கு எப்படித் தெரியும்?" என்று தனக்கோடி பஃப்ஸைக் கடித்துக்கொண்டே கேட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் சண்முகம் உள்ளே வந்தார், கையில் மூன்று டம்ளர்களோடு. பெங்களூரில் ஒரு காபியை இரண்டாகப் பிரித்து ஒன் பை டூ கேட்பது உலக வழக்கம். சண்முகம் ஒன் பை த்ரீ கேட்டு, ஹோட்டல்காரனோடு அரை மணி சண்டை போட்டு, வாங்கியும் வந்திருந்தார்.

"ஐயோ மேடம்! என்னா ரத்தம்! ரயான் தம்பி, உனக்கு வாய் புண்ணாயிருக்குமே, காபி வேணாம்தானே?" என்று சொல்லிக்கொண்டே ரயானின் பங்கையும் குடித்தார்.

இந்த சண்முகம் மங்களத்தின் தம்பி. அவள் கணவர், அல்சூரில் டிராவல்ஸ் ஏஜென்சி நடத்திவந்த வெங்கடகிருஷ்ணன், முந்தின நாள் தன் மேஜை மேலிருந்த பித்தளை விமானத்தாலேயே மண்டை பிளக்கப்பட்டு செத்துக் கிடந்தார். விமானத்தின் மூக்கு அவர் நெற்றிக்குள் தரையிறங்கியிருந்தது. காசி யாத்திரைக்காக ஊர்க் கிழவர்கள் கட்டியிருந்த முன்பணம் மொத்தமும் பெட்டியோடு போயிருந்தது. கூட்டாளி கிஷோரைக் காணோம். டிக்கெட் போடும் பெண் லீனாவையும் காணோம். அவளுடைய ஒற்றைச் செருப்பு மட்டும் ரத்தத்துக்கு நடுவில் கிடந்தது. மற்ற செருப்பு அவள் காலில் இருக்கிறதா, அந்தக் கால் அவள் உடம்பில் இருக்கிறதா என்று எவருக்கும் தெரியவில்லை.

போலீஸ் ரயில் நிலையத்தையும் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டையும் சல்லடை போட்டுக்கொண்டிருந்தது. கணவனை இழந்த மங்களம் தனக்கோடியை அமர்த்தி, கூடவே ஓடியாடத் தம்பியையும் அனுப்பியிருந்தாள். போலீஸ் மறந்த விமானங்களைக் கவனிக்க, வெங்கடகிருஷ்ணனிடம் முன்பு டிக்கெட் போட்டுக்கொண்டிருந்த ரயானைத் தனக்கோடி காலையிலிருந்து நோராவின் கடையில் உட்கார வைத்திருந்தாள். லீனாவின் அப்பா சிரில் காலையில் வந்து தனக்கோடியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணை மூச்சோட கொண்டாந்து குடுங்கம்மா" என்றார்.

ரயான் சட்டைக்கையில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். "அக்கா, சாயங்காலக் கல்கத்தா விமானத்தைப் பாருங்க. இதுக்கு இன்னைக்குப் பேய் பிடிச்சிருக்கு. ஏறுது, இறங்குது, ஏறுது."

"விமானம்னா ஏறி இறங்கத்தானே செய்யும்?"

"விலையைச் சொல்றேன்கா! ஒரே விமானம், ஒரே சீட்டு, ஒரே ஆறிப்போன உப்புமா. ஆனா விலை படிக்கட்டு மாதிரி. மொதல் கொஞ்சம் சீட்டு மலிவு. அது தீர்ந்தா அடுத்த படி. அதுவும் தீர்ந்தா அதுக்கும் மேல."

"நம்ம தெரு பிரியாணிக் கடை. மொதல்ல வர்றவனுக்கு லெக் பீஸ், கடைசியா வர்றவனுக்கு எலும்பு."

"இங்கே எலும்புக்குத்தான் காசு ஜாஸ்தி. இன்னொரு கூத்து கேளுங்க. மலிவு சீட்டு ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்குன்னு வைங்க. புருஷன் பொண்டாட்டி சேர்ந்து ரெண்டு சீட்டு கேட்டா, கம்ப்யூட்டர் ரெண்டு பேரையுமே மேல் படியில ஏத்திடும். தனித்தனியா கேட்டா ஒருத்தராவது மலிவுல போகலாம். இதைக் கஸ்டமர்கிட்ட சொன்னதுக்குத்தான் வெங்கடகிருஷ்ணன் சார் என்னை வேலையை விட்டு அனுப்பினார்."

சண்முகம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்கு நெருக்கமாக வந்தார்.

"ஏறுறது புரியுது" என்றாள் தனக்கோடி. "இறங்குறது எப்படி?"

"ஏஜென்ட்டுங்க காசு கட்டாம பேரை மட்டும் போட்டு சீட்டைப் பிடிச்சு வைப்பாங்க. கெடு தாண்டிப்போனா சிஸ்டமே பிடுங்கிக்கும். மலிவு சீட்டு திரும்ப கடைக்கு வந்துடும், விலை இறங்கிடும். ஆனா இந்த விமானத்துல பாருங்க, இறங்கின சூட்டோட யாரோ மறுபடி அத்தனை மலிவு சீட்டையும் அள்ளிடறாங்க. வாங்கவும் இல்லை, விடவும் இல்லை. காலையிலேர்ந்து இதே ஆட்டம். ஏஜென்சியில நல்ல கஸ்டமர் வர்ற வரைக்கும் சீட்டைக் காப்பாத்தறதுக்கு நானும் லீனாவும் பண்ணின வேலைதான் இது." அவன் குரல் சட்டென்று தணிந்தது. "அக்கா, அந்தப் பக்கம் கீபோர்டுல உட்கார்ந்திருக்கறது லீனாதான்."

தனக்கோடி மெல்லுவதை நிறுத்தினாள். "கிஷோருக்கு டிக்கெட் போடத் தெரியுமா?"

"தன் பேரை அடிக்கவே அவனுக்கு அரை நாள் ஆகும்."

"கவுண்டர்ல போய் முகத்தைக் காட்டி வாங்க முடியாது. அதனால அவளை வெச்சிருக்கான். டிக்கெட் கைக்கு வந்ததும்?"

ரயானின் நாக்கு பல் போன பள்ளத்தைத் தடவியது. பதில் அந்தப் பள்ளத்தில்தான் கிடந்தது.

"அவ என்னா சொல்லியிருப்பா?" என்றாள் தனக்கோடி. "'இப்ப விலை ஜாஸ்தி, கொஞ்சம் பொறுங்க, இறங்கும்'னு சொல்லியிருப்பா. சொல்லிட்டு இறங்கவிடாம அவளே பிடிச்சு நிக்கிறா. விலை ஒசரத்துல இருக்கிற வரைக்கும் அவளுக்கு மூச்சு இருக்கும்டா. இறங்கின அன்னிக்கு..."

"என்னா மேன் இது!" என்றான் ரயான். "கொலை பண்ணிட்டு ஓடறவன் விலை பாப்பானாக்கா?"

"சாதாரணக் கொலைகாரன் பாக்க மாட்டான். முழு விலை குடுத்து டிக்கெட் வாங்கின டிராவல்ஸ்காரனை நீ பாத்திருக்கியா?"

ரயான் யோசித்தான். வெங்கடகிருஷ்ணனின் மாமனார் டெல்லியில் இறந்தபோது, விலை இறங்கட்டும் என்று காத்திருந்து அவர் பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தார். அதையும் இரண்டு வருடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்தத் தொழிலில் முழு விலை கொடுப்பவனுக்கு யாரும் பெண்கூடக் கொடுக்க மாட்டார்கள்.

"மதியம் மட்டும் ஒருதரம் விலை இறங்கி, ரொம்ப நேரம் ஏறவே இல்லைக்கா. நான் ஜெபமே பண்ணிட்டேன். அப்புறமா ஏறிடுச்சு."

"அவ்வளவு நேரம் மலிவா கிடந்ததே, கிஷோர் ஏன் வாங்கலை?"

நல்ல கேள்வி. அது அறைக்குள் மின்விசிறியோடு சேர்ந்து சுற்றியது. தனக்கோடி அண்ணாந்து அந்த மின்விசிறியைப் பார்த்தாள். பிறகு, தரையில் கிடந்தவனைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருந்த நோராவைப் பார்த்தாள்.

"நோரா, மதியம் ஃபோன்ல யார்கூட அவ்வளவு நேரம் குலாவிட்டு இருந்தே?"

"வேற யாரு, எங்க பெர்னார்ட்தான். பீன்யா ஃபேக்டரியில கரென்ட் போனாத்தான் அவருக்குப் பொண்டாட்டி ஞாபகம் வரும். மெஷின் நின்னா ஐ லவ் யூ. மெஷின் ஓடினா, யார் நீன்னு கேப்பார்."

ரயான் நாற்காலியோடு திரும்பினான். "அக்கா! நோரா ஃபோனை எடுத்து 'சாம்பார்ல உப்பு ஜாஸ்தியா'ன்னு கேட்டுக்கிட்டு இருக்கும்போதுதான் விலை இறங்குச்சு! 'கரென்ட் வந்துடுச்சா, சரி வைங்க'ன்னு வெச்சா, கொஞ்ச நேரத்துல ஏறிடுச்சு!"

"லீனாவால திரும்பப் பிடிக்க முடியலை, கிஷோரால வாங்கவும் முடியலை. ரெண்டு பேர் முன்னாலயும் இருந்த கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது." தனக்கோடி எழுந்தாள். நாற்காலி நிம்மதியாக மூச்சுவிட்டது. "சண்முகம் சார், உங்க மாமாவுக்குப் பீன்யாவுல இடம் ஏதாச்சும் இருக்கா?"

"பீன்யாவா? இல்லையே மேடம்."

"என்னா சார், மறந்துட்டீங்களா?" என்றான் ரயான். "காசி யாத்திரைக்காரங்களுக்குக் குடுக்கற பையும் செப்புச் சொம்பும் அடுக்கி வெச்சிருக்கற குடோன் அங்கேதானே? நானே லாரியில சொம்பு ஏத்திட்டுப் போயிருக்கேனே."

"அடடே, ஆமாமா. துக்கத்துல புத்தியே வேலை செய்யலை பாரு."

கழுத்தில்லாதவனை நைலான் கயிற்றால் கம்ப்யூட்டர் மேஜையோடு கட்டிவிட்டு, "போலீசுக்கு ஃபோன் பண்ணு, பீன்யா குடோனுக்கு வரச்சொல்லு. இவன் முழிச்சா யு.பி.எஸ் இருக்கு" என்று நோராவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

சண்முகத்தின் ஆம்னி வேன் இறக்கம் வந்தபோதெல்லாம் ஊமையானது. பெட்ரோல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிடுவார். ரயானுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அடுத்த கெடு எந்த நேரமும் முடியலாம். முடிகிற நேரத்தில் லீனாவின் கை தடுமாறினால், தட்டத் தாமதமானால், அவ்வளவுதான்.

"ஏன் ரயான் தம்பி," என்று சண்முகம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சாவகாசமாகக் கேட்டார், "அப்ப நாலு பேருக்குச் சேர்த்துக் கேக்காம ஒண்ணு ஒண்ணா கேட்டா மலிவா வருமா?"

"மலிவு சீட்டு மிச்சம் இருந்தா வரும் சார். இப்ப எல்லாத்தையும் லீனா பிடிச்சு வெச்சிருக்காளே."

தனக்கோடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்க மாமா உங்களுக்கு ஓசியில டிக்கெட் போடுவாரா சார்?"

"எங்க மேடம்! சொந்த மச்சினன்கிட்டயே கமிஷன் எடுத்த மனுஷன்" என்று சொல்லும்போது சண்முகத்தின் பல் லேசாக நறநறத்தது. யஷ்வந்த்பூரில், வெற்றிலை வாங்கிவருகிறேன் என்று இறங்கிப்போய், பெட்டிக்கடைக்குப் பின்னால் நின்று செல்போனில் யாரோடோ பேசிவிட்டு வந்தார். அக்காவுக்கு ஆறுதல் சொன்னாராம்.

குடோன் ஷட்டர் பாதி மூடியிருந்தது. உள்ளேயிருந்து பளார் என்று ஒரு அறை விழுந்த சத்தமும், "கள்ளி! இவ்வளவு நேரமும் நீதானேடி பிடிச்சு வெச்சிருந்தே? விடுடி சீட்டை!" என்ற கிஷோரின் குரலும் கேட்டன. அவனுக்கு அது எப்படித் தெரிந்தது என்று யோசிக்க ரயானுக்கு அவகாசம் இல்லை. ஏனென்றால் தனக்கோடி ஷட்டருக்கு அடியில் குனியவில்லை. அதைப் பெயர்த்துக்கொண்டே நடந்தாள்.

கூரை வரைக்கும் காவி நிறப் பைகள் அடுக்கியிருந்தன. நடுவே ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் நாற்காலியோடு கட்டப்பட்டு லீனா. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கீழுதடு இரண்டாகப் பிளந்து முகவாய் வரை ரத்தம் காய்ந்திருந்தது. ஆனால் தட்டச்சுக்காக அவிழ்த்துவிட்டிருந்த வலது கை மட்டும் கீபோர்டு மேல் புலி மாதிரி பதுங்கியிருந்தது.

கிஷோர் இரும்புக் கம்பியோடு திரும்பினான். அவனோடு இன்னொரு அடியாள். பெங்களூர் ரவுடிகள் செல்லமாக 'லாங்' என்று அழைக்கும் நீள அரிவாள் அவன் கையில் பளபளத்தது. "யாரம்மா நீனு?" என்று கன்னடத்தில் ஆரம்பித்தவன் வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

தனக்கோடி ஒரு காசிப் பையை எடுத்தாள். நான்கைந்து செப்புச் சொம்புகளை உள்ளே போட்டு ஜிப்பை இழுத்தாள். பையின் காதைப் பிடித்துச் சுழற்றினாள். லாங் வீசிய வீச்சில் அவள் தோள் சதை ஒரு விரல் ஆழத்துக்குப் பிளந்து ரத்தம் பீறிட்டது. புடவைக்கு அந்தச் சிவப்பு எடுப்பாகத்தான் இருந்தது. பை ஒரு சுற்று சுற்றி அவன் முழங்கையில் இறங்கியது. முழங்கை, மடங்கக்கூடாத பக்கம் மடங்கியது. இரண்டாவது சுற்றில் பை அவன் தாடையைச் சந்தித்தது. மூன்று பற்கள் ஆளுக்கொரு திசையில் யாத்திரை புறப்பட்டன. அவன் பின்னால் சாய்ந்த வேகத்தில் ஒரு வரிசைப் பைகள் சரிந்து, அடுத்த வரிசை சரிந்து, சொம்பு மழை பெய்து, அந்த இடியோசை தும்கூர் வரைக்கும் கேட்டது.

கிஷோர் ரயானைத் தேர்ந்தெடுத்தான். ஒல்லியாக இருப்பவர்களின் தலைவிதி. கம்பி ரயானின் தோளில் விழுந்து எலும்பு வரை பாடியது. இரண்டாம் அடிக்கு ரயான் குனிந்து, தலையைக் குறிபார்த்து கிஷோரின் மூக்கில் விட்டான். மூக்கு சப்பாத்தி ஆனது. கிஷோர் கண்ணீரும் ரத்தமுமாகத் தடுமாறிய நேரத்தில், லீனா நாற்காலியோடு எம்பி, மிச்சமிருந்த ஒற்றைச் செருப்புக் காலால் அவன் அடிவயிற்றில் எத்தினாள். அவன் 'ஹ' என்று ஒரே ஒரு எழுத்தைச் சொல்லிவிட்டு மடங்கினான். தலையில் ஒரு சொம்பு வந்து கவிழ்ந்தது.

"லேட்டா வந்தே, ரயான்" என்றாள் லீனா, பிளந்த உதட்டால்.

"சீசன் டைம், லீனா. டிராஃபிக்." ரயான் அவள் கட்டை அவிழ்க்கக் குனிந்தவன் திரையைப் பார்த்தான். பயணிகள்: நான்கு. "நாலா? கிஷோர் ஒண்ணு. இந்த லாங் ரெண்டு. பிரவுசிங் சென்டர்ல படுத்திருக்கறவன் மூணு. நீ நாலாவதா?"

"எனக்கு டிக்கெட்டே இல்லைடா. எனக்குக் குடோனுக்குப் பின்னால இருக்கற கிணறுதான்."

"அப்ப நாலாவது யாரு?"

ரயானின் இடது காதில் சில்லென்று இரும்பு பட்டது. வாசனைப் பாக்கு நெடி அடித்தது.

"அசையாதே தம்பி" என்றார் சண்முகம், அதே சாவகாசமான குரலில். அவருடைய பாக்குவெட்டியின் இரண்டு அலகுகளுக்கும் நடுவே ரயானின் காது இருந்தது. "மேடம், பையைக் கீழே வையுங்க. இல்லைன்னா இவன் காதைக் களிப்பாக்கு மாதிரி சீவிடுவேன். காது முடிஞ்சா கழுத்து."

ரயானின் காதுமடலிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு கோடு கழுத்துக்குள் இறங்கியது. "அக்கா, ஒரு காது போனா பரவாயில்லை, கண்ணாடி மாட்டத்தான் கஷ்டம்" என்றான். தன் குரல் தனக்கே எலிக்குஞ்சு மாதிரி கேட்டது.

தனக்கோடி பையைக் கீழே வைத்தாள், ஆனால் பையின் காதை விடவில்லை. "வேன்ல நாலு பேருக்குன்னு கேட்டீங்களே சார், அப்பவே தெரியும். நாங்க தேடினது கிஷோர் ஒருத்தனை. ரயான் பேசினது புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரை. அந்த நாலு உங்க வயித்துலேர்ந்துதான் வந்துச்சு. பிரவுசிங் சென்டருக்கு ஆள் அனுப்பினதும் நீங்கதான். நாம அங்கே இருந்தது வேற யாருக்கும் தெரியாது. யஷ்வந்த்பூர்ல அக்காவுக்கா ஆறுதல் சொன்னீங்க? 'பிடிச்சு வெச்சிருக்கறது அவதான், விடச்சொல்லு'ன்னு கிஷோர்கிட்ட சொன்னீங்க."

"தெரிஞ்சே ஏன் கூட்டிட்டு வந்தீங்க?" என்று ரயான் முனகினான்.

"நமக்கு வண்டி இல்லையேடா."

"அந்தப் பித்தளை விமானத்தை எடுக்கணும்னு நான் நினைக்கவே இல்லை" என்றார் சண்முகம். "பத்து சதவீதம் கமிஷன் மேடம்! சொந்த மச்சினன்கிட்ட! ஏம்மா லீனா, போடு டிக்கெட்டை. நாலு வேணாம். இந்த ரெண்டு கழுதைங்களும் இனி நடக்காது, அந்தத் தடியனும் வரமாட்டான். ஒண்ணு போதும்." கூட்டாளிகள் மூன்று பேர் விழுந்துகிடந்ததில் மூன்று டிக்கெட் மிச்சமான திருப்தி அந்த முகத்தில் ஒரு விநாடி வெளிச்சம் போட்டது.

லீனா திரையைப் பார்த்தாள். "ஒண்ணுக்கும் அதே மேல்படி விலைதான். பன்னெண்டாயிரத்துச் சொச்சம்."

பாக்குவெட்டி நடுங்கியது. பித்தளை விமானத்தை அக்கா புருஷன் மண்டையில் இறக்கியபோது நடுங்காத கை அது. "பன்னெண்டா? நீ பிடிச்சு வெச்சிருக்கறதை விடு. மொத்தத்தையும் விடு."

"விட்டா என்னைக் கிணத்துல போடுவீங்க."

"விடலைன்னா இவன் காது!" அலகுகள் நெருங்கின. ரயானுக்குக் கண்ணுக்குள் மின்னல் வெட்டியது.

லீனா ஒற்றைக் கண்ணால் தனக்கோடியைப் பார்த்தாள். தனக்கோடி இமைகூட அசைக்கவில்லை. லீனாவின் விரல் தட்டியது. ஒரு பெயர் போனது. இன்னொரு பெயர் போனது. காலையிலிருந்து அவள் உயிரைப் பிடித்துவைத்திருந்த இல்லாத மனிதர்கள் ஒவ்வொருவராக விமானத்தைவிட்டு இறங்கினார்கள். திரையில் மணல் கடிகாரம் தலைகீழாகக் கவிழ்ந்தது. மறுபடி கவிழ்ந்தது. குடோனில் மூச்சு விட்டது அது ஒன்றுதான்.

திரை மாறியது.

"மூவாயிரத்து இருநூறு" என்றாள் லீனா.

சண்முகத்தின் முகத்தில் அப்போது விரிந்த பூரிப்பை, அவர் கல்யாணத்தன்று தாலி கட்டும்போதுகூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். கண் அகன்றது. கழுத்து நீண்டது. நம்ப முடியாமல், எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டும்போல் திரையை நோக்கிக் குனிந்தார். பாக்குவெட்டியைப் பிடித்திருந்த கை அவரை அறியாமலே காதைவிட்டுப் பிரிந்து, திரையிலிருந்த அந்த விலையைத் தொட்டுக் காட்டியது. "இதுதான்! இதைப் போடு, இதை..."

காசிப் பை வந்தது.

எங்கிருந்து வந்தது என்று ரயான் பார்க்கவில்லை. காற்று கிழிவது மட்டும்தான் கேட்டது. செப்புச் சொம்புகள் சண்முகத்தின் தாடையைத் தொட்ட இடத்தில், தாடை தன் பழைய விலாசத்தைக் காலி செய்துவிட்டு இடது காதுக்குக் கீழே குடிபோனது. அவர் பறந்தார். டிக்கெட் இல்லாமல், ஒரு பைசா செலவில்லாமல், பைகளின் கோபுரம் வரைக்கும் பறந்து, அதில் முட்டி, அதோடு சேர்ந்து தரையிறங்கினார். பாக்குவெட்டி மட்டும் சிமெண்ட் தரையில் சுழன்று சுழன்று அடங்கியது.

ரயான் தன் காதைத் தொட்டுப் பார்த்தான். முக்கால் வாசி இருந்தது. மீதிக்கும் தோலின் தயவில் தொங்குகிற உத்தேசம் தெரிந்தது. "அக்கா, இன்னும் கொஞ்சம் முன்னாடியே அடிச்சிருக்கலாமே?"

"விலை இறங்க வேணாமாடா?" என்றாள் தனக்கோடி, தோள் காயத்தில் முந்தானையை இறுக்கிக்கொண்டே.

தூரத்தில் போலீஸ் ஜீப்பின் சைரன் கேட்டது. லீனா ரயானின் செல்போனை வாங்கி நம்பரை அழுத்தினாள். மறுமுனையில் எடுத்ததும், "அப்பா" என்றாள். சிரில் ஃபோனுக்குள் அழுதது, எதிரே நின்ற ரயானுக்கே கேட்டது.

சொம்புக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மெல்ல வெளியே வந்தது. பின்னாலேயே கோணிய தாடையோடு சண்முகத்தின் முகம். கையில் விலங்கு விழப்போகிறது, கொலைக்குத் தூக்கே கிடைக்கலாம், பல்லெல்லாம் மடியில் கிடக்கிறது. அவர் கண் மட்டும் கம்ப்யூட்டரைத் தேடியது.

"போட்டியாம்மா?" என்று குழறினார். "அந்த விலைக்கு?"

லீனா ஃபோனைக் காதில் வைத்தபடியே, இன்னொரு கையால் கீபோர்டில் ஏதோ தட்டினாள். பிறகு திரையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

"இல்லைங்க. மறுபடி ஏறிடுச்சு."

சொந்த அக்கா புருஷன் பிணத்துக்குப் பக்கத்தில் நின்றபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத சண்முகம், அப்போதுதான் வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.